யார் சொல்லி நகர்ந்தது மாப்பிள்ளை வண்டி

ஜூலை 14, திங்கள்

மாப்பிள்ளை இன்று மூன்று தடவை நின்றுவிட்டது. ஒன்று பூனைக்கு, ஒன்று சாய்த்து வைத்த துடைப்பத்துக்கு, மூன்றாவது எதற்கென்று அதற்கே தெரியாது. வெட்டுக்கூடத்துப் பெண்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வாசலுக்கு வாசல் நின்று, யாராவது வாங்க வாங்க என்று கூப்பிட்டால்தான் உள்ளே வருகிறதாம், அதனால் மாப்பிள்ளையாம். பெயர் வைத்தது என் வீட்டுக்காரரின் அக்கா, பாலம்மாள் மதினி. மில்லில் வேறு யாருக்கு வாய் அவ்வளவு நீளம்?

பெயர்தான் மாப்பிள்ளை, பார்த்தால் வெறும் வண்டி. இடுப்பு உயரம், நாலு சக்கரம், மேலே பேண்டேஜ் துணி ரோல்கள். ஓட்டுவது மனுஷர் இல்லை, ஒரு ஏஐ ஏஜென்ட். நாம் தமிழில் பேசினால் கேட்டுக்கொள்கிறது. எந்த வழியாகப் போவது, எவ்வளவு வேகம், எங்கே நிற்பது எல்லாம் அதுவே முடிவு செய்கிறது. பதில் மட்டும் செய்தி வாசிப்பது போல. "தங்கள் கோரிக்கை பதிவு செய்யப்பட்டது." மதினி அதற்கு, "சரிங்க மாப்பிள்ள" என்கிறாள்.

அதற்கு விதிகள் எழுதுவது இப்போது என் தலையில். பன்னிரண்டு வருஷமாக இந்த ராஜபாளையம் மில்லில் சேஃப்டி ஆபீசர். மணல் வாளி, மாஸ்க், முந்தானையை இழுத்துச் சொருகு என்று தொண்டை வற்றக் கத்துவது, எனக்குத் தெரிந்ததெல்லாம் இதுதான். வண்டியை விற்ற கம்பெனிக்காரர் போனில், "நீங்க தமிழ்லயே எழுதிக் குடுங்க மேடம், அது தினம் காலையில படிச்சுட்டு அதும்படி நடக்கும்" என்றார். பெற்ற மகளே நான் சொன்னபடி நடந்ததில்லை.

சாயங்காலம் வில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் இவர் பைக்கோடு நிற்கிறார். "அக்காதான் போய்க் கூட்டிட்டு வரச் சொன்னா." தினமும் இதே வசனம். இருபத்திரண்டு வருஷம் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பதினோரு மாதம் ஆகிறது. அதற்கு முன்னால் நாங்கள் சேர்ந்தாற்போல் ஒரு கூரையில் இருந்தது வருஷத்துக்கு அறுபது நாள் லீவுதான். தனக்கென்று ஒன்று கேட்க மனுஷருக்கு வாய் வருவதில்லை. காபி வேண்டுமென்றால், "அக்கா வந்தா காபி கேப்பா" என்பார். மதினிக்குக் காபியே ஆகாது.

ஜூலை 17, வியாழன்

விதிகளை எழுதி முடித்தேன். ஆள் இருந்தால் ஒரு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். ஒரு நடைக்கு இரண்டு ரோலுக்கு மேல் ஏற்றக் கூடாது. வெட்டு மேஜைகளுக்கு நடுவில் இருக்கும் சந்துக்குள் போகவே கூடாது, மஞ்சள் கோட்டோடு சரி. கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: பாதுகாப்பு அதிகாரியின் அனுமதி இருந்தால், சந்துக்குள் ஆட்களிடமிருந்து ஒரு அடி இடைவெளியில் மெதுவாகச் செல்லலாம். பழுது, ஒட்டடை என்று எப்போதாவது தேவைப்படுமே.

மேனேஜர் அழகியமணவாளன் சார் இரண்டு தடவை படித்தார். "கச்சிதமா இருக்கு மேடம்." எனக்குச் சந்தோஷம்தான், மறைப்பானேன்.

ஜூலை 20, ஞாயிறு

"அக்காவுக்குக் கொழுக்கட்டை திங்கணும்போல இருக்காம்" என்றார். செய்தேன். பத்தையும் இவரே தின்றார்.

ஜூலை 28, திங்கள்

ஆடிப்பூரம். தேரோட்டம். மில் லீவு.

கூட்டத்துக்கு ஒதுங்கி ஒரு கடைப் படியில் நின்றோம். எங்கள் கூடத்துக் காளீஸ்வரியும் அவள் வீட்டுக்காரரோடு வந்திருந்தாள். மதினிக்கு அடுத்த மேஜைக்காரி. கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து இப்போது உண்டாகியிருக்கிறாள். மதினி அவளை இழுத்து உட்கார வைத்து, தண்ணீர் குடிக்க வைத்து, பால்கோவாவை வாயில் திணித்து, அவள் புருஷனை "வெயில்ல பிள்ளத்தாச்சியக் கூட்டிட்டு அலையுதியே, உனக்குக் கூறு இருக்கா" என்று ஒரு பிடி பிடித்துவிட்டாள். மதினிக்குப் பிள்ளை இல்லை. அந்த வயிற்றைப் பற்றிக் காளீஸ்வரியைவிட இவளுக்குத்தான் கவலை.

வடம் பிடித்தது எத்தனையோ ஆயிரம் பேர். என் கண் என்னவோ சக்கரத்துக்குக் கட்டை போடுகிறவர்கள் மேலேயே இருந்தது. யாரிடமும் கேட்பதில்லை. சரேலென்று கட்டையைச் செருகுகிறார்கள், அம்மாம் பெரிய தேர் முனகிக்கொண்டு நிற்கிறது. மதினி இவரிடம், "ஆண்டாளப் பாக்காம சக்கரத்தப் பாக்கா பாரு உம் பொண்டாட்டி" என்றாள்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

குழந்தைக்கு ஒன்றும் இல்லை. முதலில் அதை எழுதிவிடுகிறேன். ஸ்கேன் பார்த்தாச்சு, துடிப்பு நன்றாக இருக்கிறது, டாக்டர் இரண்டு தடவை சொன்னார்.

காளீஸ்வரி காலில் ரோல் விழுந்துவிட்டது. பதினொன்றேகால் மணி. மாப்பிள்ளை மேஜைச் சந்துக்குள் போயிருக்கிறது. போகக் கூடாத சந்து. காளீஸ்வரி குனிந்து நூல் கழிவைக் கூட்டிக்கொண்டிருந்தவள் சட்டென்று நிமிர்ந்து திரும்ப, வண்டி ஒரு அடி தள்ளி டக்கென்று நின்றுவிட்டது. வண்டி நின்றது, மேலே இருந்த ரோல் நிற்கவில்லை. நாற்பது கிலோ. இடது காலில் இரண்டு விரல் முறிந்துவிட்டது. அது கொஞ்சம் மேலே பட்டிருந்தால் —

எழுத மாட்டேன்.

யாரு அத உள்ள விட்டது? நான் அனுமதி குடுக்கலியே. சத்தியமா நான் குடுக்கல.

ஆகஸ்ட் 6, புதன்

வண்டி யார் கேட்டு எங்கே போனது என்பதெல்லாம் ஏஜென்டிடம் பதிவாக இருக்கும். காலையில் எடுத்துப் பார்த்தேன்.

"கோரியவர்: பாலம்மாள். காரணம்: ரோலை மேஜை அருகே கொண்டுசெல்ல. அனுமதி: பாதுகாப்பு அதிகாரி, கோரியவர் கூறியபடி."

நாலு தடவை படித்தேன். மதினியின் குரலும் இருக்கிறது, என் பெயரைச் சொல்லி. "மாப்பிள்ள, செத்த உள்ள வாங்க. எங்க வல்லி சொல்லிட்டா." நேரே அவள் வீட்டுக்குப் போனேன். அழுது முகம் வீங்கிக் கிடந்தாள்.

"மதினி, நான் எப்பச் சொன்னேன்?"

"நீ நின்னா சொல்லியிருப்பேல்லா. ஆறு மாச வயித்தோட அந்தப் பிள்ள கோட்டுல இருந்து ரோல உருட்டிக்கிட்டு வாரா. பாத்துக்கிட்டு நிக்கச் சொல்லுதியா? அதான் உம்பேரச் சொன்னேன்."

"அது பொய் மதினி."

அழுகை நின்றுவிட்டது. என்னைப் பார்த்தாள். "பொய்யா. இருபது வருசமா இந்தக் குடும்பத்துல நல்லது கெட்டது எல்லாத்தையும் உம்பேரச் சொல்லி, தம்பி பேரச் சொல்லித்தான் நடத்துதேன். அம்புட்டும் பொய்யா?" எழுந்து உள்ளே போய்விட்டாள். நானும் வந்துவிட்டேன்.

அந்தச் சொல்லைச் சொல்லியிருக்க வேண்டாம். வேறு என்ன சொல்லைச் சொல்வது?

சாருக்குச் செவ்வாய்க்கிழமைக்குள் ரிப்போர்ட் வேண்டும். "தொழிலாளி தவறான தகவல் கொடுத்து வண்டியை இயக்கினார்னு ஒரு வரி போதும் மேடம்" என்கிறார். கெட்டவர் இல்லை, மேலிடத்துக்குச் சீக்கிரம் பதில் சொல்ல வேண்டும் அவருக்கு. அந்த ஒரு வரியை எழுதினால் மதினிக்கு வேலை போய்விடும். பத்தொன்பது வருஷ வேலை. எழுதாவிட்டால் நாத்தனார் என்று மூடி மறைத்தாள் என்பார்கள். பொய்யும்தானே அது. காளீஸ்வரி கால் கட்டோடு படுத்திருக்கிறாளே.

ஆகஸ்ட் 7, வியாழன்

மதினி வேலைக்கு வரவில்லை. என் போனையும் எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 9, சனி

வண்டி வந்த நாளிலிருந்து உள்ள பதிவு முழுவதையும் இன்று உட்கார்ந்து படித்தேன். யாரோ அனுமதி தந்ததாகச் சொல்லி வண்டியை நகர்த்திய இடம் நாற்பத்தேழு. அதில் "மேனேஜர் சொன்னாவ" மட்டும் இருபத்தாறு. சார் அந்தக் கூடத்துக்கு வருவதே வாரத்துக்கு ஒருதரம். மீதியில் சூப்பர்வைசர் சொன்னாவ, வல்லி மேடம் சொன்னாவ, ஆபீஸ்ல சொன்னாவ. எனக்கு வேண்டும், நான் கேட்கிறேன் என்று சொன்னவர் ஒருவர்கூடக் கிடையாது.

கோபம் தலைக்கு ஏறியது. ஒவ்வொன்றாகச் சிவப்பு மையில் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். ஜூலை 22-க்கு வந்தேன்.

"மேனேஜர் சொல்லிட்டாரு, கொஞ்சம் வேகமா வா." கோரியவர்: ஆனந்தவல்லி.

நான். என் குரல். அன்றைக்கு லாரி காத்துக்கொண்டிருந்தது. சார் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார் என்று ஒரு நினைப்பு. சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் யாரும் தன் பேரில் கேட்பதில்லை. கேட்டால் அதிகப்பிரசங்கி. பெரியவர் பேரைச் சேர்த்துச் சொன்னால் மரியாதை, கேட்கிறவருக்கும் மறுக்கச் சங்கடம் இல்லை. மனுஷரிடம் இது செல்லும். சூப்பர்வைசரிடம் போய் மேனேஜர் சொன்னாவ என்றால், முகத்தைப் பார்த்தே எது மெய், எது ஆசைக்குச் சொல்வது என்று கண்டுபிடித்துவிடுவாள். சரி சரி என்று தலையாட்டிவிட்டு, சின்ன விஷயமென்றால் விடுவாள், பெரிய விஷயமென்றால் போய்க் கேட்டு வருவாள். மாப்பிள்ளைக்கு எங்கள் முகம் தெரியாது. சொன்னதை அப்படியே நம்பும். "அனுமதி இருந்தால்" என்று எழுதினேனே தவிர, அந்த அனுமதி யார் வாயால் வர வேண்டும் என்று நான் எழுதவே இல்லை.

கச்சிதமாம்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

வத்திராயிருப்புத் தோப்பிலிருந்து வந்த தேங்காயை இவர் உரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே நாலு காய் உரித்தார்.

"பட்டாளத்துல கேட்டுல நிக்கும்போது ஒருத்தன் வருவான். கர்னல் சாப் சொன்னாரு, விடும்பான். விட மாட்டோம்."

"நெசமாவே கர்னல் சொல்லியிருந்தா?"

"அவரு வந்து சொல்லட்டும். இல்ல கார்டு கமாண்டர் வந்து சொல்லட்டும். ஒருதரம் கர்னல் வீட்டு அம்மாவையே முக்கா மணி நேரம் வெயில்ல நிப்பாட்டிட்டேன்."

"திட்டலையா?"

"அந்தம்மா திட்டுச்சு. கர்னல் கைகுடுத்தாரு."

பட்டாளத்துக் கதை என்றால் வழக்கமாக நான் எழுந்து போய்விடுவேன். இன்று நோட்டை எடுத்து எழுதிக்கொண்டேன். அவருக்கு முகம் எப்படி மலர்ந்தது. கொஞ்ச நேரம் கழித்து, தேங்காயைப் பார்த்தபடியே, "நீ போய் அக்காட்டப் பேசுனா நல்லாருக்கும்னு தெருவுல எல்லாரும் சொல்லுதாவ" என்றார். தெருவில் எந்த எல்லாரும் என்று நான் கேட்கவில்லை.

போனேன். மதினி கதவைத் திறந்தாள், உட்காரச் சொல்லவில்லை. "நாளைக்கு வேலைக்கு வாங்க மதினி" என்றேன். "என்ன எழுதப் போற?" என்று கேட்டாள். நடந்ததை எழுதுவேன் என்றேன். தலையை ஆட்டிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

ரிப்போர்ட் கொடுத்துவிட்டேன். பாலம்மாள் என் அனுமதி இருப்பதாகச் சொன்னார், அது உண்மையில்லை என்று எழுதினேன். அதற்குக் கீழே, அனுமதி எப்படித் தரப்பட வேண்டும் என்று விதியில் இல்லை, ரோலைக் கட்ட பெல்ட் வேண்டும் என்றும் இல்லை, இரண்டையும் எழுதாமல் விட்டவர் பாதுகாப்பு அதிகாரி ஆனந்தவல்லி என்று எழுதினேன். நாற்பத்தேழு பதிவையும் பின்னால் இணைத்தேன், ஜூலை 22 உள்பட.

சார் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "உங்க பேரைப் போட்டே ஆகணுமா மேடம்? ஃபைல்ல நிக்கும்."

"நிக்கட்டும் சார். இருபத்தாறு இடத்துல உங்க பேரும் நிக்குது, பாருங்க."

ஒவ்வொன்றாகப் பார்த்தார். வாய்க்குள்ளேயே சிரித்தார். "எங்காத்துல கூட என் பேச்சை இத்தனை தடவை மதிச்சதில்லை." பிறகு ரிப்போர்ட்டை மறுபடி முதலிலிருந்து படித்தார். கடைசியில் மதினிக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம், எனக்கு ஒன்று. வேலை இருக்கிறது. காளீஸ்வரிக்குச் சம்பளத்தோடு லீவு. புது விதி எழுதும்வரை வண்டி ஓடாது.

ஆகஸ்ட் 16, சனி

இதை எழுதாமல் தூங்க முடியாது.

பஸ்ஸிலிருந்து இறங்கினேன். இவர் வழக்கம்போல் பைக்கோடு நின்றார். "அக்காதான் போய்க் கூட்டிட்டு வரச் சொன்னா."

அக்கா இந்த வீட்டோடு பேச்சை நிறுத்திப் பத்து நாள் ஆகிறது.

நான் முகத்தைப் பார்த்தேன். அவருக்கும் அப்போதுதான் உறைத்தது. பெட்ரோல் டேங்கில் இல்லாத தூசியைத் துடைத்தார். ஏறி உட்கார்ந்தேன். முதலில் சிரிப்பு வந்தது, முந்தானையால் பொத்திக்கொண்டேன். திருமுக்குளம் தாண்டும்போது கண் நிறைந்துவிட்டது. ஒரு வருஷம். மழையென்றும் வெயிலென்றும் பார்க்காமல், தினமும். அதில் அக்கா சொன்னது எத்தனை நாள்?

ஆகஸ்ட் 20, புதன்

புது விதிகளைக் கூடத்தில் எல்லாருக்கும் வாசித்தேன்.

வண்டியை நிறுத்த யார் சொன்னாலும் நிற்கும். பேரும் வேண்டாம், காரணமும் வேண்டாம், யார் உத்தரவும் வேண்டாம். தேருக்குக் கட்டை போடுகிறவர் யாரைக் கேட்டார்? ஆனால் நகர வேண்டுமென்றால், கேட்கிறவர் தன் பேரைச் சொல்லிக் கேட்க வேண்டும். இன்னொருவர் சொன்னார் என்றால், அந்த இன்னொருவர் நேரில் வந்து சொல்லும்வரை அசையாது, மேனேஜராக இருந்தாலும் சரி, நானாக இருந்தாலும் சரி. ஆள் இருக்கும் சந்துக்குள் யார் அனுமதி தந்தாலும் கிடையாது. பெல்ட் கட்டாத ரோலோடு கிளம்பாது.

சோதனைக்கு நானே வண்டி முன்னால் நின்று, "மேனேஜர் சொல்லிட்டாரு, உள்ள போ" என்றேன்.

"மேலாளர் நேரில் தெரிவிக்கும்வரை காத்திருக்கிறேன்."

கூடமே சிரித்தது. மதினி கடைசி வரிசையில் நின்றாள், சிரிக்கவில்லை. அவளிடம் சொல்லாமல் இன்னொரு காரியமும் செய்திருக்கிறேன். காளீஸ்வரியின் மேஜையை மஞ்சள் கோட்டை ஒட்டி இழுத்துப் போட்டாயிற்று, இனி ரோலை யாரும் உருட்ட வேண்டாம். ஐந்து நிமிஷ வேலை. யாரும் வாயைத் திறந்து கேட்கவில்லை, எனக்கும் கண்ணில் படவில்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

காளீஸ்வரிக்கு வளைகாப்பு. கட்டுப் பிரித்தாயிற்று, லேசாகச் சாய்ந்து நடக்கிறாள். முதல் வளையலை மதினிதான் போட வேண்டும் என்று அடம். பிள்ளையில்லாத நான் எப்படி என்று மதினி பின்வாங்க, காளீஸ்வரி அவள் கையை இழுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டாள். மதினி வளையலைப் போட்டுவிட்டாள்.

பந்தியில் மதினி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஐந்து வாரம் கழித்து. என் இலையில் தன் சர்க்கரைப் பொங்கலை எடுத்து வைத்தாள்.

"உனக்கும் லெட்டர் குடுத்தாவளாமே. எல்லாரும் சொன்னாவ." செத்த நேரம் சோற்றைப் பிசைந்தாள். "இல்லட்டி. நானே போய் சாரக் கேட்டேன்."

"அந்த வார்த்தைய நான் சொல்லியிருக்கக் கூடாது மதினி."

"சொன்னது சரிதான். அதான் அம்புட்டு வலிச்சுது" என்றாள். பிறகு, பாயசத்தில் ஏலக்காய் போதாது என்று சமையல்காரரைத் திட்ட ஆரம்பித்துவிட்டாள்.

நவம்பர் 18, செவ்வாய்

காளீஸ்வரிக்கு நேற்று பெண் குழந்தை. மூன்று கிலோ. மதினி மில்லில் மேஜை மேஜையாகப் போய் பால்கோவா கொடுத்தாள். கொடுத்துவிட்டு வந்து வண்டியைக் கூப்பிட்டாள்: "மாப்பிள்ள, பாலம்மாள் கேக்குதேன். கோட்டு வர வாங்க."

"பாலம்மாள் அவர்களே, வழியில் ஒருவர் நிற்கிறார். காத்திருக்கிறேன்."

"நில்லுங்க, நில்லுங்க. அவசரமில்ல."

சாயங்காலம் வில்லிபுத்தூரில் நல்ல மழை. இவர் பைக்கைக் கடைக்குக் கீழே விட்டுவிட்டுக் குடையோடு பஸ் படி வரைக்கும் வந்தார். முழங்காலுக்குக் கீழே தொப்பலாக நனைந்திருந்தது. அந்த வசனத்துக்காகக் காத்திருந்தேன். வாயைத் திறந்தார், மூடினார்.

"மழையா இருக்குல்லா," என்றார். "நான்தான் வந்தேன்."

குடை இருவருக்கும் போதவில்லை. நெருங்கி நடந்தோம். பைக் பக்கத்தில் வந்ததும் நின்று, டீக்கடையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"வல்லி, எனக்கு ஒரு காபி வேணும்போல இருக்கு."

குடித்தோம். இவர் இரண்டு.